ஆழத்தில் வைக்கப்பட்ட அமானிதம்

நம் இல்லங்கள் பலவற்றில் இரவு உறங்கச் செல்லும் முன் அல்முல்க் அத்தியாயம் ஓதப்படுகிறது. குழந்தைகள் அதனை மனனம் செய்திருக்கிறார்கள். முதியோர் கண்களை மூடியபடியே ஓதி முடிக்கிறார்கள். அதன் முப்பதாவது வசனம், அதாவது இறுதி வசனம், ஒரு கேள்வியாக அமைந்துள்ளது. நமக்குரிய நீர் எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிட்டால் அதனை மீட்டுத் தருபவர் யார் என்பதே அக்கேள்வியின் கருத்து. அல்லாஹ்வைத் தவிர வேறு எவராலும் இயலாது என்ற பதில் நமக்குத் தெரியும். தெரிந்த பதில் என்பதாலேயே அதில் நின்று சிந்திக்காமல் கடந்துவிடுகிறோம்.

நிலத்தடி நீரைப் பற்றி அண்மை ஆண்டுகளில் வெளிவந்துள்ள ஆய்வுகள் சிலவற்றை வாசித்தபோது, நீர் ஆழத்திற்கு இறங்குவதில் நம் கைகளுக்கு உள்ள பங்கு என்ன என்ற எண்ணம் எழுந்தது. அந்த எண்ணத்தைச் சகோதர சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விண்ணிலிருந்து நிறுக்கப்பட்ட நீர்

ஒரு கிணற்றில் எவ்வளவு நீர் உள்ளது என்பதைக் கயிறு விட்டு அறியலாம். ஒரு தேசத்தின் நிலத்தடியில் எவ்வளவு நீர் குறைந்தது என்பதை அறிவது எப்படி? 2002 மார்ச் மாதம் அமெரிக்காவின் நாசாவும் ஜெர்மனியின் விண்வெளி மையமும் இணைந்து 'கிரேஸ்' என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்களை விண்ணில் ஏவின. அவை ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியைச் சுற்றி வந்தன. நிறை மிகுந்த ஒரு பகுதியை நெருங்கும்போது, அங்குள்ள ஈர்ப்பு விசை முன்னால் செல்லும் கோளைச் சற்றே முன்னிழுக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு அதனால் மிக நுண்ணிய அளவில் மாறும். தலைமுடியின் பருமனைவிடச் சிறிய அந்த மாற்றத்தை அளந்து, பூமியின் எப்பகுதியில் நிறை கூடியது, எங்கே குறைந்தது என்று மாதந்தோறும் கணக்கிட்டார்கள். மண்ணுக்கடியிலிருந்து பெருமளவு நீர் வெளியேறினால் அந்த இடத்தின் நிறை குறைகிறது. கோள்களுக்கு அது தெரிந்துவிடுகிறது. முதல் இரட்டைக் கோள்கள் 2017 வரை இயங்கின. அவற்றின் பணியை 2018 மே மாதம் ஏவப்பட்ட புதிய இணை தொடர்கிறது.

இக்கோள்கள் தந்த தரவுகளைக் கொண்டு மேத்யூ ராடெல் உள்ளிட்ட மூன்று அறிவியலாளர்கள் 2009இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, டெல்லி ஆகிய பகுதிகள் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை இழந்த நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர் என்று அது கூறியது. அந்த ஆண்டுகளில் மழை பொய்க்கவில்லை. ஏறத்தாழ வழக்கமான அளவிலேயே பெய்தது. மழை ஊட்டியதைவிட அதிகமாக மனிதர் இறைத்ததே அந்த இழப்பிற்குக் காரணம்.

2023இல் தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கி-வியோன் சியோவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதனினும் வியப்புக்குரியது. பம்பரத்தின் ஒரு பக்கத்தில் சிறிது மெழுகை ஒட்டினால் அது சுழலும் விதம் மாறும். பூமியும் அவ்வாறே. அதன் மீதுள்ள நிறை இடம் மாறினால் சுழல் முனையும் சிறிது நகரும். 1993 முதல் 2010 வரை உலகெங்கும் இறைக்கப்பட்டு, மீண்டும் நிலத்தடிக்குத் திரும்பாமல் பெரும்பாலும் கடலைச் சேர்ந்த நீரின் அளவு 2,150 கிகா டன் என்பது ஒரு மதிப்பீடு. ஒரு கிகா டன் என்பது 100 கோடி டன். நீரில் அது ஒரு கன கிலோமீட்டர். இந்த இடமாற்றம் மட்டுமே சுழல் முனையை ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் கிழக்கு நோக்கி நகர்த்தியிருக்கிறது என்று அக்குழுவினர் கண்டனர். பனி உருகுவது போன்ற பிற காரணங்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு, உண்மையில் அளக்கப்பட்ட நகர்விலிருந்து 78.5 சென்டிமீட்டர் விலகி நின்றது. நிலத்தடி நீரைச் சேர்த்த பிறகே கணக்கு பொருந்தியது. அதே நீர் உலகின் கடல் மட்டத்தையும் 6 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்தியிருக்கிறது. இந்த நகர்வுக்குப் பெரிதும் காரணமான இரண்டு பகுதிகளுள் ஒன்று நம் நாட்டின் வடமேற்கு. மற்றொன்று வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி.

அச்சம் கொள்ளத் தேவையில்லை. சுழல் முனை இயல்பாகவே ஓர் ஆண்டுக்குள் சில மீட்டர்கள் அங்குமிங்கும் அசைகிறது. எனவே இந்த 80 சென்டிமீட்டரால் பருவங்கள் மாறிவிடப் போவதில்லை. சிந்திக்க வேண்டியது வேறொன்று. எந்த ஒரு விவசாயியும் பூமியை அசைக்க எண்ணி மோட்டாரைப் போடவில்லை. ஒவ்வொருவரும் தம் வயலுக்கு, தம் வீட்டுக்கு வேண்டியதையே எடுத்தனர். எடுத்தவற்றின் கூட்டுத்தொகை பூமியின் சுழற்சியில் பதிவாகியிருக்கிறது.

பெருமை பேசுவதோடு நின்றுவிடலாமா?

இத்தகைய செய்திகள் கைப்பேசிக்கு வரும்போது நம்மில் சிலர் இதனைக் கியாமத்தின் அடையாளம் என்று பரப்புகிறார்கள். வேறு சிலர், அறிவியல் இன்று கண்டதை நம் வேதம் அன்றே சொல்லிவிட்டது என்று மகிழ்ந்து பகிர்கிறார்கள். இரண்டாவது வகையினரின் ஈமானிய ஆர்வத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் ஒரு வசனம் நம்மிடம் கேள்வி கேட்கும்போது, அக்கேள்வியை எடுத்துப் பிறரிடம் பெருமையாகக் காட்டுவது பதிலாகிவிடாது. மழை ஓர் அளவுப்படியே இறக்கப்படுகிறது, அது பூமியில் தங்க வைக்கப்படுகிறது, அதனைப் போக்கிவிடவும் இறைவன் ஆற்றலுடையவன் என்னும் கருத்து அல்முஃமினூன் அத்தியாயத்தின் 18ஆம் வசனத்தில் வருகிறது. அளவோடு தரப்பட்டதை அளவின்றி எடுப்பவர் எவரோ, அவரையே அவ்வசனம் முதலில் தொட வேண்டும்.

நம் முன்னோர் இவ்வகையில் நமக்கு மேலானவர்களாக இருந்தனர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்-கரஜீ என்னும் பாரசீகக் கணித அறிஞர், மறைந்துள்ள நீரை வெளிக்கொணரும் முறை பற்றித் தனி நூலே எழுதினார். ஃபிக்ஹு அறிஞர்களோ கிணற்றுக்கு 'ஹரீம்' என்னும் எல்லையை வகுத்தனர். தரிசு நிலத்தில் ஒருவர் கிணறு தோண்டினால், அதனைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குள் மற்றொருவர் கிணறு தோண்டக் கூடாது. கால்நடைகளுக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு அத்தொலைவு 40 முழம் என்று ஹனஃபி நூலான 'அல்-ஹிதாயா' கூறுகிறது. ஷாஃபிஈ அறிஞர்கள், முதல் கிணற்றின் நீரைக் குறைத்துவிடாத தொலைவைக் கருத்தில் கொண்டனர். கண்ணுக்குத் தெரியாத மண்ணுக்கடியில் ஒரு கிணறு மற்றொரு கிணற்றின் பங்கை இழுக்கும் என்பதை அறிந்தே அவர்கள் சட்டம் வகுத்தார்கள்.

தம் சொந்த நிலத்தில் தோண்டுபவர் குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவருடைய உரிமை அது என்று அனுமதித்தவர்களும் உளர். அண்டை வீட்டாரின் கிணற்றுக்குத் தீங்கு நேருமெனில் தடுக்கப்படும் என்றவர்களும் உளர். அவர்கள் அனைவரும் கண்டது கயிறும் வாளியும் கொண்டு இறைக்கும் கிணறுகளையே. 300 அடி, 500 அடி ஆழத்திலிருந்து இரவு பகலாக உறிஞ்சும் மோட்டாரை அவர்கள் கண்டதில்லை.

ஒரு தாயாரின் கேள்வி

எங்கள் ஊர் கடலோரத்தில் உள்ளது. மணற்பாங்கான இத்தகைய ஊர்களில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, உப்பு நீரின் மேல் ஒரு படலமாகத் தங்கி நிற்கிறது. நன்னீர் உப்பு நீரைவிட இலேசானது என்பதால் இது நிகழ்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய அறிஞர் இருவர் கண்டறிந்த கணக்கு. அக்கணக்கின் மறுபக்கம் கவலைக்குரியது. மேலே நீர்மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால், கீழிருந்து உப்பு நீர் 40 மீட்டர் மேலேறி வர இடம் கிடைக்கிறது.

கடந்த ஆண்டு ஜும்ஆ உரையில் ஸதகத்துல் ஜாரியாவின் சிறப்பு பேசப்பட்டது. ஆழ்குழாய்க் கிணறு அமைத்துக் கொடுப்பவருக்கு, அதன் நீர் பயன்படும் காலமெல்லாம் நன்மை எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் என்று கூறப்பட்டது. மறுநாள் மதரஸாவுக்கு ஒரு தாயார் வந்தார். பேரனை ஓத அனுப்பும் அவருடைய வீட்டில் பழைய உறைகிணறு ஒன்று உண்டு. அந்தத் தெருவில் சில ஆண்டுகளுக்குள் பல ஆழ்குழாய்கள் இறங்கிவிட்டன.

"ஹஜ்ரத், போர் போட்டுக் குடுத்தவங்களுக்கு நன்மை எழுதப்படும்னு சொன்னீங்க. என் கிணத்துத் தண்ணி கரிக்க ஆரம்பிச்சிருச்சே, அது யாரு கணக்குல எழுதப்படும்?" என்று கேட்டார்.

அவர் எவரையும் குற்றம் சாட்டவில்லை. சாட்டவும் இயலாது. எந்தக் குழாயால் அவருடைய கிணறு உவர்த்தது என்பதை எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. பூமியின் சுழல் முனையை நகர்த்தியவர் யார் என்ற கேள்வியும் இவ்வாறே நிற்கிறது. தனித்தனியே பார்த்தால் யாரும் இல்லை. சேர்த்துப் பார்த்தால் எல்லோரும். உடனே பதில் சொல்லி அனுப்பிவிட மனம் வரவில்லை. "கிதாபுகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம், உம்மா" என்று கூறினோம்.

ஃபத்வா வழங்குவது முஃப்திகளின் பொறுப்பு; நாம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர்கள். ஆனால் இவ்வளவு தெளிவாகவே உள்ளது: தீங்கு விளைவிப்பதும், தீங்குக்குப் பதில் தீங்கு செய்வதும் மார்க்கத்தில் இல்லை என்பது எல்லா மத்ஹபினரும் ஏற்ற அடிப்படை. ஒருவருக்கு நீர் தருவதற்காக மற்றொருவரின் நீரைக் கெடுத்தால், அந்த அறத்தின் கணக்கில் ஒரு பற்றும் உண்டு. உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவின் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கினார்கள் என்பது நாம் அடிக்கடி மேற்கோள் காட்டும் செய்தி. ஏற்கெனவே இருந்த ஒரு நீர்நிலையை மக்களுக்குத் திறந்துவிட்ட அறம் அது. இன்று அறம் செய்ய விரும்புவோர் அந்த முன்மாதிரியை அப்படியே பின்பற்ற வழி இருக்கிறது.

அப்போது வளைகுடா நாட்டில் பணிபுரியும் எங்கள் ஊர்ச் சகோதரர் ஒருவர், தம் தந்தையின் பெயரால் பள்ளிவாசலுக்கு இரண்டாவது ஆழ்குழாய் அமைக்க முன்வந்திருந்தார். ஜமாஅத்தில் இவ்விஷயத்தை எடுத்துரைத்தோம். அந்தப் பணத்தில் பள்ளியின் பழைய கிணற்றைத் தூர்வாரி, கூரை மழைநீர் முழுவதையும் அதற்குள் இறங்கச் செய்யலாம் என்பது எங்கள் கருத்து. பெரியவர் ஒருவர் மறுத்தார். நன்மையை நாடி வருபவரின் நிய்யத்தைத் தடுப்பது நமக்கு அழகல்ல என்றார். அவருடைய அச்சம் நியாயமானதே. இறுதியில் அந்தச் சகோதரரிடமே பேசுவது என முடிவாயிற்று. அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "மழைத் தண்ணிய மண்ணுக்குள்ள அனுப்பினா அதுவும் வாப்பா பேருல ஜாரியாவா நிக்குமா, ஹஜ்ரத்?" அந்த நீரை அருந்தும் மனிதர், கால்நடை, மரம் யாவும் அதற்குச் சாட்சி என்றோம். அவர் இசைந்தார்.

இந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையின்போது பள்ளிக்கூரையின் நீர் ஒரு துளியும் தெருவில் ஓடவில்லை. அந்தத் தாயாரின் கிணறு இன்னும் கரிக்கிறது. உவர்ப்பேறிய மண் தெளிய ஒரு மழைக்காலம் போதாது. பல மழைக்காலங்கள் வேண்டும். கெடுவது விரைவாகவும் சீராவது மெதுவாகவும் நிகழும் என்பதும் இதில் நாம் கற்ற பாடம்.

உளூவின் அளவும் சஹனின் அளவும்

மதரஸாவில் ஒரு நாள் மாணவர் உளூச் செய்யும் குழாயின் கீழ் 20 லிட்டர் வாளியை வைத்தோம். மூன்று பேர் உளூச் செய்து முடிப்பதற்குள் வாளி நிரம்பிவிட்டது. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் உளூவும், ஒரு 'ஸாவு' முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. மத்ஹபுகளின் கணக்கு வேறுபட்டாலும் ஒரு முத்து என்பது ஒரு லிட்டரைப் பெரிதும் தாண்டாது. பிள்ளைகள் வாளியையும் ஒரு லிட்டர்ச் செம்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அதன்பின் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஓடும் ஆற்றங்கரையிலும் வீண்விரயம் கூடாது என்னும் இப்னு மாஜாவின் அறிவிப்பில் தொடர் குறித்து அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஒரு முத்து பற்றிய செய்தியில் அத்தகைய விவாதம் இல்லை.

உளூச் செய்த நீர், தூய்மைப்படுத்தும் தகுதியை இழந்தாலும், தன்னளவில் தூய்மையானதே என்பது ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் நிலைபெற்ற தீர்ப்பு. கழிவறை நீருடன் அதனைக் கலந்து சாக்கடைக்கு அனுப்பாமல், தனிக் குழாய் வழியே தென்னைக்கும் வாழைக்கும் விடலாம். பள்ளிவாசல் கட்டுவோர் வரைபடம் போடும்போதே இதனை எண்ணினால் செலவு அதிகமாகாது.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உளூ நீரைச் சேமிப்பதால் மட்டும் நாட்டின் நிலத்தடி நீர் காக்கப்பட்டுவிடாது. 2023ஆம் ஆண்டின் அரசு மதிப்பீட்டின்படி இந்தியா ஓர் ஆண்டில் எடுக்கும் நிலத்தடி நீர் ஏறத்தாழ 240 கன கிலோமீட்டர். அதில் 87 விழுக்காடு பாசனத்திற்குச் செல்கிறது. ஒரு கிலோ அரிசி விளைய ஆயிரக்கணக்கான லிட்டர் நீர் தேவைப்படுகிறது. பாஸ்மதி விளைவது பெரும்பாலும் பஞ்சாபிலும் ஹரியானாவிலும்; அதாவது, செயற்கைக்கோள்கள் நிறை குறைந்ததைக் கண்ட அதே மண்ணில். நம் நிக்காஹ் விருந்துகளில் சஹன்களில் மிஞ்சிக் குப்பைக்குப் போகும் பிரியாணியுடன் அந்த நீரும் போகிறது. ஒரு சஹனில் வீணாகும் அரிசியின் நீர், ஒருவர் பல மாதங்கள் செய்யும் உளூவின் நீரைவிட அதிகமாக இருக்கக் கூடும். உளூவில் கற்கும் அளவு, விருந்துக்கும் வர வேண்டும்.

மீட்சிக்கும் சான்றுகள் உண்டு

2024 ஜனவரியில் ஸ்காட் ஜாசெக்கோ முதலியோர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, 40க்கும் மேற்பட்ட நாடுகளின் 1,70,000 கிணறுகளின் நீர்மட்டத்தை ஆராய்ந்தது. உலகின் நீர்தாங்கிகளில் 30 விழுக்காட்டில் வீழ்ச்சியின் வேகம் கடந்த நாற்பது ஆண்டுகளில் கூடியிருக்கிறது. ஆனால் சரிவு நின்ற இடங்களையும் அதே ஆய்வு எடுத்துக்காட்டுகிறது. தாய்லாந்தின் பாங்காக் பகுதியில் நிலத்தடி நீருக்குக் கட்டணமும் கட்டுப்பாடும் வந்தபின் மட்டம் உயர்ந்தது.

சவூதி அரேபியாவின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. பாலைவனத்தின் அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த நீரை இறைத்து, 1990களின் தொடக்கத்தில் அந்நாடு கோதுமை ஏற்றுமதி செய்தது. அந்த நீர் திரும்ப ஊறாது என்பதை உணர்ந்து, உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைப்பதென 2008இல் முடிவு செய்து, 2016 அளவில் நிறுத்தியது. அங்குள்ள கிழக்கு ஸாக் நீர்தாங்கியில் வீழ்ச்சி தணிந்திருப்பதை மேற்கண்ட ஆய்வும் குறிப்பிடுகிறது. வீண் என்று தெரிந்தபின் ஒரு தேசமே கையை இழுத்துக்கொள்ள முடிந்தது.

ஸம்ஸம் கிணற்றையும் நினைத்துப் பாருங்கள். அது ஏறத்தாழ 30 மீட்டர் ஆழமுள்ள கிணறு. மக்காவின் இப்ராஹீம் பள்ளத்தாக்கில் பெய்யும் மழையும் அதனை ஊட்டுகிறது. அதன் நீர்மட்டத்தையும் தரத்தையும் கண்காணிக்கவே சவூதி புவியியல் ஆய்வு நிறுவனத்தில் ஸம்ஸமுக்கென ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. அல்லாஹ் பரக்கத் செய்த நீர் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையுடனேயே அது அளந்து இறைக்கப்படுகிறது. தவக்குலும் அளவுகோலும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஆகவே மறைந்த பெற்றோரின் பெயரால் நீர் தானம் செய்ய விரும்பும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய ஆழ்குழாய் இறக்கும் முன், அருகிலுள்ள கிணறுகளின் சொந்தக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தூர்ந்த கிணறு, ஊருணி, குளம் ஏதேனும் உங்கள் ஊரில் இருக்குமானால் அதனை மீட்டுக் கொடுங்கள். தண்ணீரே இல்லாத ஊரில் ஆழ்குழாய்தான் வழி என்றால் அதனைச் செய்யுங்கள்; கூடவே மழைநீர் திரும்பிச் செல்ல ஒரு வழியும் அமைத்துக் கொடுங்கள். எடுப்பதற்கு ஒரு குழாய் போட்டவர் கொடுப்பதற்கும் ஒரு குழாய் போட வேண்டும்.

மண்ணுக்கடியில் உள்ள நீர் நம் தந்தையர் நமக்கு விட்டுச் சென்ற சொத்தன்று. இனி பிறக்கப்போகும் பிள்ளைகளும் உளூச் செய்வதற்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும் அமானிதம். அந்த அமானிதத்தைக் குறையின்றி ஒப்படைக்கும் மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. உவர்த்துப்போன கிணறுகளை அவன் தன் ரஹ்மத்தால் இனிமையாக்குவானாக. ஆமீன்.